அப்பாவைத் தேடிய எல்லோருக்கும்

டோக்கியோ நிஷி கசாய் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் தம்பிகளுக்கும்,

அப்பா நன்றாக இருக்கிறார். நேற்று கூடுதலாக இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்பா வழிதவறி வீடு திரும்பாத அந்த ராத்திரி நடந்தது உங்களில் பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அதைத் திரும்பச் சொல்லும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை.

அரகாவா ஆற்றங்கரையில் டார்ச்சோடு நடந்தவர்கள், தோசாய் மெட்ரோ லைனில் ஸ்டேஷன் ஸ்டேஷனாக இறங்கி விசாரித்தவர்கள், பிள்ளையைத் தூக்கிப்போய்த் தூங்கவைத்த கீழ்வீட்டு அக்கா, எனக்காகப் போனில் ஜப்பானிய மொழியில் பேசிய அலுவலகத் தோழி, கோபானில், அதாவது பேட்டைப் போலீஸ் சாவடியில், அப்பாவுக்கு நாற்காலி போட்டு, தன் மேல்கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்ட இளம் போலீஸ்காரர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு மொத்தமாக ஒரு கும்பிடு.

யானகா என்ற பழைய பேட்டையில் சென்பே என்னும் அரிசி வறுவல் சுட்டு விற்கும் பாட்டியம்மா ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அவர்தான் அப்பாவை கோபானுக்குக் கைபிடித்துக் கூட்டிப் போனவர். அது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் செய்தது தெரியாது.

அப்பா தென்காசிப் பக்கம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். டோக்கியோ வந்ததும் அவருக்கு முதல் அதிர்ச்சி, இங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது என்பதுதான். பேட்டைக்குப் பெயர், அதற்குள் சோமே என்ற உட்பிரிவுக்கு ஒரு எண், அதற்குள் மனைக்கட்டத்துக்கு ஒரு எண், கட்டத்தைச் சுற்றி வரிசையாகக் கட்டடங்களுக்கு எண். 1962இல் வந்த சட்டம் ஒழுங்குபடுத்திய முறை இது. “தெருப் பெயர் இல்லாம எப்படிம்மா பட்டுவாடா பண்றான்?” என்று கிளம்பியவர்தான். மோன்சென் நகாச்சோ, கியோசுமி ஷிராகவா, நிங்யோச்சோ என்று நாளுக்கு ஒரு பேட்டை. கம்பங்களில் மாட்டியிருக்கும் சோமே பலகைகளைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வார். ஒரு பேட்டையைச் சந்து விடாமல் நடந்து முடிக்காமல் அடுத்ததில் கால் வைக்கமாட்டார்.

யானகா மட்டும் முடியவே இல்லை. 1923 நிலநடுக்கத்திலும் 1945 குண்டுவீச்சிலும் பெருமளவு தப்பிய பகுதி என்பதால் பழைய சந்துகள் அப்படியே கிடக்கின்றன. பக்கத்திலேயே பாம்புச் சந்து என்று ஒன்று வளைந்து வளைந்து போகிறது. அடியில் மூடிவிட்ட ஓடை எப்படி ஓடியதோ அப்படியே தெருவும். யானகாவுக்கு அப்பா மூன்றாவது முறையாகப் போன நாள்தான் அவர் வழிதவறிய நாள்.

எல்லாம் அடங்கிய பிறகு இனிப்புப் பெட்டியோடு பாட்டியம்மாவைப் பார்க்கப் போனோம். அவர் சென்பேயை இடுக்கியால் புரட்டி, அழுத்தி, சோயா சாஸ் தடவிக்கொண்டிருந்தார். அடுப்பை விட்டு எழாமல், பக்கத்து டப்பாவிலிருந்து காலண்டர் தாள் ஒன்றை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். அதன் பின்பக்கத்தில் யானகா முழுவதும் பென்சிலில் இருந்தது. கன்னோன்ஜி கோயிலின் ஓடு பதித்த மண்சுவர், மூன்று வழி பிரியும் முனையில் நிற்கும் இமாலயத் தேவதாரு, உட்கார இடம் உள்ள மூலைகள், கழிப்பறைகள். நிப்போரி ஸ்டேஷனிலிருந்து இறங்கும் பெரிய படிக்கட்டின் மேல் பெருக்கல் குறி போட்டு, பக்கத்திலேயே படியில்லாமல் இறங்கும் ஷிச்சிமென் சரிவைக் காட்டியிருந்தார். அப்பாவின் முழங்காலை அந்த ஒரு ராத்திரியிலேயே கவனித்திருக்கிறார்! தபால் பெட்டிகள் இருக்கும் இடமெல்லாம் சிவப்பு மையில்.

தாளின் மேல்விளிம்பில் பெரிய எழுத்தில் நாலு வரி. கூட வந்த அலுவலகத் தோழி படித்துச் சொன்னாள்: “இவர் தொலைந்து போனவர் இல்லை, நடந்து பார்க்க வந்தவர். களைத்திருந்தால் உட்கார இடம் கொடுங்கள். வழி கேட்டால் கையால் காட்டுங்கள். இருட்டிவிட்டால் இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.” கீழே என் எண்ணும் அவர் கடை எண்ணும்.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பீட் மேப்மா இது. இந்தம்மா டிப்பார்ட்மென்ட்ல இருந்திருக்கணும்” என்றார். தபால்காரர் சுற்றிவரும் வழியைக் காட்டும் படத்தைத்தான் பீட் மேப் என்பார்கள். அந்த ராத்திரிக்குப் பிறகு அப்பா சிரித்தது அப்போதுதான்.

அதுவரை எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: இனி தனியாக விடாதே. ஊரிலிருந்து போன் செய்த சித்தப்பா சொன்னார், அண்ணன் சொன்னான், நானும் மனசுக்குள் அதையேதான் தீர்மானித்திருந்தேன். அப்பாவும் ஒன்றும் பேசாமல் நோட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அவர் நடக்கத்தான் போகிறார் என்று எடுத்துக்கொண்டு, அதற்கு என்னென்ன வேண்டும் என்று யோசித்தவர் இந்தப் பாட்டியம்மா ஒருவர்தான். பக்கத்தில் இருக்கும் எனக்கு அது தோன்றவில்லையே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

சரி, முடிவு இதுதான். அப்பா நடப்பார். கழுத்தில் தாளின் நகல், பையில் போன், சாயங்காலம் தெரு ஸ்பீக்கரில் பாட்டு ஒலித்ததும் ஸ்டேஷனுக்குத் திரும்ப வேண்டும். இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு பேட்டைக்கும் முதல் முறை நான் கூடப் போவேன், அங்கே ஒரு கடைக்காரரிடமாவது அறிமுகப்படுத்திவிட்டுத்தான் வருவேன். சனிக்கிழமை யானகாவின் பாக்கியை முடிக்கப் போகிறோம். சென்பே யாருக்கு எத்தனை பொட்டலம் வேண்டும் என்று வெள்ளிக்குள் சொல்லிவிடுங்கள். காசு வாங்கமாட்டேன்.