நல்லிணக்கக் கதை போதும், சும்மா ஒரு கதை போடுங்கோ

ஆசிரியர் ஐயா, வணக்கம்.

உங்கட ஞாயிறு பேப்பரில இலக்கியப் பக்கத்தை விடாம வாசிக்கிற ஆள் நான். பல்லின சமூகம், நல்லிணக்கம் எண்டு கட்டுரைகள் நிறைய வருது, நல்லம், ஆனா கதைகளுக்க வாற சிங்கள ஆள் ஒண்டில் 83 கலவரத்தில எங்கட தமிழ் ஆக்களை ஒளிச்சு வச்சுக் காப்பாத்தின பக்கத்து வீட்டு அங்கிள், இல்லாட்டி செக்பொயிண்டில ஐசி (அடையாள அட்டை) கேக்கிற ஆமிக்காரன், நடுவில ஒருத்தருமே இல்லையோ? ரெண்டும் நடந்ததுதான், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா காலி வீதியில 101 பஸ்ஸில எங்களோட இடிபட்டு வாறது மகளின்ட கலியாணத்துக்குக் கடன்பட்ட ஆள், பிரமோஷன் கிடைக்கேல்ல எண்டு புறுபுறுக்கிற ஆள், அவையைப் பற்றி ஆர் எழுதினது? சிங்கள டெலிநாடகமும் திறமில்லை, தமிழ் ஆள் வந்தாலே கொச்சைச் சிங்களம் கதைச்சுச் சிரிக்க வைக்கத்தான்.

எங்கட பழைய ஆக்கள் இப்பிடி ஒதுங்கி இருக்கேல்ல. 1885இல வந்த 'அசன்பேயுடைய கதை'யை இலங்கையின்ட முதல் தமிழ் நாவல் எண்டு சொல்லுறம், எழுதினது கண்டி முஸ்லிமான சித்திலெப்பை. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின்ட 'கம்பெரலிய' நாவலை 'கிராமப் பிறழ்வு' எண்டு தமிழில தந்தது பாணந்துறைப் பக்கத்து எம்.எம். உவைஸ், அதாவது தெற்கத்திச் சிங்களக் கிராமம் ஒரு முஸ்லிம் அறிஞரின்ட கையால எங்களிட்ட வந்திருக்கு. அதைவிட 1956ஐப் பாருங்கோ, ஜூனில சிங்களம் மட்டும்தான் ஆட்சிமொழி எண்ட தனிச்சிங்களச் சட்டம், நவம்பரில கொழும்பில சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திரவின்ட 'மனமே' மேடையேறுது, சிங்கள நாடகத்தின்ட சிகரம் எண்டு இண்டைக்கும் சிங்கள ஆக்கள் கொண்டாடுற அதின்ட பாணி, சிங்களத்தில 'நாடகம்' எண்டே பேர் சொல்லுற கூத்துப் பாணி, கரையோரக் கத்தோலிக்கரிட்ட இருந்த எங்கட தமிழ்க் கூத்தில இருந்து போனதுதான். சட்டத்துக்குக் கை உயர்த்தின ஆக்களில சிலபேர் அதைப் போய்ப் பார்த்துக் கை தட்டியும் இருப்பினம்!

அதால ஐயா, மாசம் ஒருக்கா ஒரு சிங்களச் சிறுகதையைத் தமிழில போடுங்கோ. சமாதானம், ஒற்றுமை எண்டு போதிக்கிற கதை வேண்டாம், மாமி மருமகள் சண்டையா இருந்தாலும் பரவாயில்லை. மொழிபெயர்த்தவரின்ட பேரை அடியில பொடி எழுத்தில போடாம எழுத்தாளரின்ட பேருக்குப் பக்கத்திலயே போடுங்கோ, காசும் குடுங்கோ. இன்னொண்டு, மலையகக் கதை மே தினத்துக்கு, முஸ்லிம் கதை நோன்புப் பெருநாளுக்கு எண்டு சிறப்பிதழுக்கு ஒதுக்கி வைக்கிறதையும் விடுங்கோ, அவையும் வருசம் முழுக்க எழுதுற ஆக்கள்தானே.

வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06