பனைமரம் குத்திக்கொண்ட மகளுக்கு

அன்பு மகள் செல்விக்கு,

அம்மா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீடியோவில் கையைத் திருப்பி, புதிதாகக் குத்திய டாட்டூவைக் காட்டிவிட்டு, "திட்டாதேம்மா" என்றாய். நான் திட்டவில்லை. ஆனால் சொல்ல வேண்டியதையும் சொல்லவில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு வரி விடாமல் படி.

காபி குடிக்கப் போன இடத்தில், பக்கத்துக் கடையில் முன்பதிவு வேண்டாம், நேரே வரலாம் என்று போர்டு இருந்தது. சுவரில் மாட்டியிருந்த படங்களில் ஒன்றைக் காட்டினேன், முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது என்றாய். உள் மணிக்கட்டில் மூன்று விரற்கடை உயரத்துக்குப் பனை, பின்னால் சிவப்புச் சூரியன். அழகாகத்தான் இருக்கிறது. நம் வீட்டுப் பின்பக்கத்து மரம் மாதிரியே கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. ஆனால் முப்பது வருஷம் நர்ஸாகக் கட்டுப் போடும் அறையில் நின்ற எனக்கு அது இப்போதைக்குப் புண்தான். ஊசி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை இறங்கிய இடம் அது. ஆறும் வரை நீயும் அப்படியே நினைத்துக்கொள்.

முதலில் என்னை உறுத்துவதைக் கேட்டுவிடுகிறேன். ஊசி பாக்கெட்டை உன் கண் முன்னால் பிரித்தார்களா என்று கேட்டதற்கு, "பயத்துல அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேம்மா" என்றாய். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. மஞ்சள் காமாலை பி, அதாவது ஹெபடைடிஸ் பி வைரஸ், உடம்புக்கு வெளியே காய்ந்து கிடந்தாலும் ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிற மேசையிலும் இருக்கும். உனக்குச் சின்ன வயதிலேயே அதற்கான மூன்று ஊசியும் போட்டிருக்கிறேன், அந்த அட்டை இன்னும் பீரோவில் இருக்கிறது. ஆனால் சி வகைக்குத் தடுப்பூசி கிடையாது. கடைக்குப் போன் செய்து, ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் ஊசியா என்று கேள். என்ன பதில் வந்தாலும் மூன்று மாதம் கழித்து ஹெபடைடிஸ் சி, எச்ஐவி இரண்டுக்கும் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு. ஒன்றும் இருக்காது என்றுதான் நம்புகிறேன். இருந்தாலும் பார்.

அடுத்த வாரம் உன் தோழியும் குத்திக்கொள்ளப் போகிறாள் என்றாயே, அவளையாவது முகத்தைத் திருப்ப வேண்டாம் என்று சொல். சீல் வைத்த ஊசிப் பாக்கெட்டை அவள் எதிரில்தான் பிரிக்க வேண்டும். மேலே இருக்கிற தேதியைப் பார்க்க வேண்டும். பெரிய பாட்டிலில் ஊசியைத் தோய்க்கக் கூடாது. மையைச் சின்னக் குப்பியில் ஊற்றி, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். முடி மழிக்கப் புது பிளேடு. நடுவில் போனை எடுத்துப் பேசினால் கையுறையை மாற்ற வேண்டும். மையில் தண்ணீர் கலந்தால் எந்தத் தண்ணீர் என்று கேட்கவும் கூச்சப்படக் கூடாது. 2011ல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்தில், ஒரே ஆளிடம் டாட்டூ குத்திக்கொண்ட 19 பேருக்குத் தோலில் கிருமி பிடித்தது. காசநோய்க் கிருமிக்கு உறவுக்காரக் கிருமி. பாட்டிலில் அடைத்து வந்த சாம்பல் நிற மையிலேயே அது இருந்திருக்கிறது. அதனால் உனக்கும் சொல்கிறேன், இரண்டு மூன்று வாரம் கழித்துப் படத்தின் மேல் சின்னச் சின்னப் பருவாகக் கிளம்பினால், சூட்டுக் கொப்புளம் என்று விட்டுவிடாதே.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையன் வந்தான். பத்தொன்பது இருபது வயது இருக்கும். கோயில் கொடையில் கடை போட்டிருந்த ஆளிடம் முன்னங்கையில் ஒரு பெண் பேரைக் குத்தியிருந்தான். அவனுக்கு முன்னால் எத்தனை பேருக்கோ அதே ஊசி, அதே கிண்ணம். வீட்டில் அவன் அம்மா தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்து அப்பி, மேலே பழைய வேட்டித் துணியைச் சுற்றிவிட்டிருந்தாள். அந்தத் துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டது. உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி நனைத்து, அரை மணி நேரம் பிடித்தது பிரிக்க. மஞ்சளும் சீழும் கலந்து வந்தது. அங்கிருந்து முழங்கைக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது, அக்குளில் நெறி கட்டியிருந்தது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லதுன்னுதான் போட்டேன் சிஸ்டர்" என்று அழுதாள். பையன் பிழைத்தான். பேரில் இரண்டு எழுத்து தழும்போடு போய்விட்டது.

அதனால் மஞ்சள் வேண்டாம், தேங்காய் எண்ணெய் வேண்டாம். டெட்டாலும் வேண்டாம், அது புதுத் தோலை எரித்துவிடும். ஆபீசில் யாராவது ஆன்டிபயாடிக் களிம்பு கொடுத்தாலும், டாக்டர் சொல்லாமல் தடவாதே. கண்ணாடி மாதிரி ஒரு ஒட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறார்களே, அதற்கடியில் கறுப்பாகத் தண்ணீர் கோத்து நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். புண்ணில் ஊறுகிற நீரும் மிச்ச மையும்தான் அது. ஓரம் விட்டுக் கசிந்தால் மட்டும் உடனே எடுத்துவிடு. கசிகிற வழியாகக் கிருமி உள்ளே போகும். எடுக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் காட்டி, தோலோடு தோலாகப் பக்கவாட்டில் இழு. வெடுக்கென்று மேலே பிய்க்காதே.

பிறகு ஒரு நாளைக்கு இரண்டு தடவை கழுவு. முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அந்தக் கையால் படத்தைக் கழுவு. வாசனை இல்லாத சோப்பு, விரல் நுனி, அவ்வளவுதான். குளியல் துண்டால் துடைக்காதே, சுத்தமான டிஷ்யூவால் ஒற்றி எடு. வாசனையில்லாத கிரீமை ஒரு மிளகு அளவு எடுத்துத் தேய். பளபளவென்று நின்றால் அது அதிகம்.

நாலைந்து நாளில் அரிப்பு வரும். அதுதான் பெரிய சோதனை. மீன் செதில் மாதிரி கலர் கலராக உரியும், உரித்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். அம்மை வார்த்தபோது நெற்றிப் பக்கைப் பிய்த்தாயே, அந்தக் குழி இன்னும் இருக்கிறது. இதையும் பிய்த்தால் பக்கோடு மையும் வந்து, பனையோலையில் ஓட்டை விழும். அரித்தால் உள்ளங்கையால் லேசாகத் தட்டு. வாட்ச்சை வலது கைக்கு மாற்றிவிடு. லேப்டாப் விளிம்பில் மணிக்கட்டு உரசாமல் ஒரு மாதம் பார்த்துக்கொள்.

முதல் இரண்டு நாள் சிவப்பும் வலியும் இருக்கும், பிறகு குறைய வேண்டும். குறையாமல் கூடினாலோ, சூடாகப் பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போ. கடைக்காரரிடம் போட்டோ அனுப்பிக் கேட்டுக்கொண்டிருக்காதே. அந்தச் சிவப்புச் சூரியனை மட்டும் மாதக்கணக்கில் கவனி. ஒவ்வாமை அதிகம் வருவது சிவப்பு மையில்தான், எல்லாம் ஆறி ரொம்ப நாள் கழித்துக்கூடத் தடித்து அரிக்கும். அப்பா வழியில் தழும்பு தடிக்கும் உடம்பு வேறு. அத்தைக்குக் காது குத்திய இடம் கோலிக்குண்டு மாதிரி வளர்ந்தது உனக்குத் தெரியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறந்தநாளுக்கு ரத்தம் கொடுப்பாயே, இந்த வருஷம் முடியாது. டாட்டூ குத்தினால் ஒரு வருஷம் எடுக்க மாட்டார்கள். படிவத்தில் கேட்பார்கள், மறைக்காதே.

ஆச்சிக்கு விஷயம் தெரியும். தம்பி போனில் காட்டிவிட்டான். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "குறத்திக்கு என்ன கொடுத்தா?" என்றாள். மூவாயிரத்து ஐந்நூறு என்றதும் சற்று நேரம் பேச்சே இல்லை. ஆச்சிக்கு முழங்கைக்குக் கீழே பச்சை குத்திய கோலமும் நாலு புள்ளியும் இருக்கிறதே, அதற்குக் கொடுத்தது இரண்டு படி நெல்லாம். மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தடவி, அதைத் திரியாகச் சுருட்டி ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்துக் கரி பிடிப்பார்களாம். அதைச் சுரண்டித் தாய்ப்பாலில் குழைத்தால் மை. குத்தும்போது வலி தெரியாமல் இருக்கக் குறத்தி பாடிக்கொண்டே இருந்தாளாம். கறுப்பாகப் போன கரி தோலுக்கடியில் இன்றைக்கும் பச்சையாகத்தான் தெரிகிறது. குத்திய மையைத் தோலிலுள்ள அணுக்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன, ஒன்று சாகும்போது உமிழ்வதை அடுத்தது விழுங்கிக்கொள்கிறது என்று 2018ல் பிரான்ஸில் எலிகளை வைத்துக் கண்டுபிடித்தார்கள். ஆச்சி கையில் எழுபது வருஷமாக அப்படித்தான் கைமாறிக்கொண்டிருக்கிறது போலிருக்கிறது. எனக்கு அதை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

பொங்கலுக்கு நீ வரும்போது பத்து நாள்தான் ஆகியிருக்கும். இந்த வருஷம் திருச்செந்தூருக்குப் போனாலும் கடலில் இறங்காதே, நாழிக்கிணற்றுத் தண்ணீரையும் அந்தக் கையில் படவிடாதே. ஆற்றுக் குளியலும் எண்ணெய்க் குளியலும் கிடையாது. தலைக்கு எண்ணெய் நான் தேய்த்துவிடுகிறேன், நீ கையைத் தூக்கிப் பிடித்துக்கொள். வெயிலுக்குத் தளர்வான முழுக்கைச் சட்டை எடுத்து வா. சன்ஸ்கிரீன் தோல் முழுக்க மூடிய பிறகுதான்.

ஆச்சி தன் கையோடு உன் கையைச் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறாள். விபூதி பூசிய விரலோடு தடவ வருவாள். காட்டு, தொடவிடாதே. நான் சொன்னேன் என்று சொல்.

வியாழக்கிழமை காலையில் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஃபில்டர் போடாமல்.

அம்மா