கணினிக்குள் தமிழ் தமிழாகவே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கும்பகோணத்தில் 1998 முதல் கணினித் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்து வருகிறேன். திருமண அழைப்பிதழ், வட்டாட்சியர் அலுவலகத்துக்கான மனு, கோயில் திருப்பணி வரவுசெலவு, முனைவர் பட்ட ஆய்வேடு, உள்ளூர்ப் புலவர்களின் கவிதை நூல் எனப் பலவும் என் மேசைக்கு வருகின்றன. "கணினி பழையதாகிவிட்டது, புதிது வாங்கலாமா? எந்த மென்பொருள் வாங்கினால் வேலை சுலபமாகும்?" என்ற கேள்வியை வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார். அவர்களுள் பெரும்பாலோருக்குப் புதிதாக எதுவும் தேவையில்லை. வாங்கிய நாளிலிருந்தே அவர்கள் கணினிக்குள் இருக்கும் கருவிகள் இன்னும் திறக்கப்படாமல் கிடக்கின்றன. அவை தமிழில் பயன்படாமல் போவதற்கு ஒரே ஒரு பழக்கம்தான் முதன்மைக் காரணம் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்வதே அந்தப் பழக்கம். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் நம் கண்ணுக்குத் தமிழ் தெரிகிறது. ஆனால் கணினி சேமித்து வைப்பதோ ஆங்கில எழுத்துகளான ஜே, கே, பி, ஓ, அவற்றோடு ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் இந்த ஐந்து குறிகள்தான் தெரியும். யூனிகோடு முறையில் அவ்வாறில்லை. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான எண் உண்டு. எழுத்துருவை மாற்றினாலும், கோப்பை வேறு நாட்டுக்கு அனுப்பினாலும் தமிழ் தமிழாகவே இருக்கும். விண்டோஸ் 2000 பதிப்பிலேயே தமிழ் யூனிகோடு வந்துவிட்டது. தமிழக அரசும் 2010 ஜூன் மாதத்தில் யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. அதன் பின்னும் சங்கங்கள், அறக்கட்டளைகள், சிறு பதிப்பகங்கள் முதலிய பல இடங்களிலிருந்து எனக்கு வரும் கோப்புகளில் பெரும்பகுதி பழைய எழுத்துருவிலேயே இருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

இதனால் என்ன இழப்பு என்று கேட்போருக்காக என் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருப்பணிக் குழுவினர் எண்ணூறுக்கும் மேற்பட்ட நன்கொடையாளர்களின் பட்டியலை எக்செல் கோப்பாகக் கொண்டுவந்தார்கள். கல்வெட்டில் பொறிப்பதற்காகப் பெயர்களை அகர வரிசையில் அடுக்கித் தர வேண்டும் என்றார்கள். வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தியதும் இந்திராவும் இளங்கோவும் எல்லாருக்கும் முன்னே வந்து நின்றார்கள். அடுத்து யசோதா, அவருக்குப் பின் உமா. அருணாசலமோ மணிக்கும் பின்னே போய்விட்டார். செல்வி, தெய்வானை, பெருமாள் ஆகிய மூவரும், முதலெழுத்து வேறுவேறாக இருந்தும், ஓரிடத்தில் கூடியிருந்தார்கள். காரணம், பாமினியில் இகரம் இருப்பது காற்புள்ளியின் இடத்தில். யகரம் இருப்பது ஆங்கில முதலெழுத்தின் இடத்தில். எகரக் கொம்போ மெய்யெழுத்துக்கு முன்னால் தனியாக அடிக்கப்படுகிறது. கணினி தன் கடமையைச் சரியாகவே செய்தது. நாம் அதனிடம் கொடுத்தது தமிழ் அன்று.

அந்தப் பட்டியலை யூனிகோடுக்கு மாற்றிய பிறகு அகர வரிசை சில நொடிகளில் அமைந்துவிட்டது. ஆனால் மாற்றும் வேலையில் ஒரு முழு மாலை சென்றது. அதற்கான காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவை கோப்பிலுள்ள ஆங்கில எழுத்துகள் அனைத்தையும் தமிழென்றே கொள்வதால், ஆங்கிலத்தில் அடித்திருந்த தலைப்பெழுத்துகளும் நிறுவனப் பெயர்களும் பொருளற்ற தமிழாக மாறிவிடுகின்றன. ஆகவே ஆங்கிலப் பகுதிகளை முதலில் வேறு நிறத்தில் குறித்துக்கொண்டு, மாற்றிய பின் அச்சிட்ட படியோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். மற்றொரு செய்தி: சில மென்பொருள்கள் யூனிகோடு எண் வரிசையிலேயே அடுக்குவதால் னகரம் நகரத்துக்கும் பகரத்துக்கும் நடுவிலும், றகரம் ரகரத்தை அடுத்தும் வந்துவிடும். எக்செல்லைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரெ ஆபீஸ் கால்க் முதலியவற்றில் வரிசைப்படுத்தும் விருப்பங்களில் மொழியாகத் தமிழைத் தேர்ந்தால், பள்ளியில் படித்த 'ர ல வ ழ ள ற ன' வரிசை கிடைக்கும்.

தட்டச்சுப் பழக்கத்தை மாற்றுவது கடினம் என்று என்னைப் போன்ற நீண்ட காலத் தட்டச்சர்கள் அஞ்சுகிறார்கள். நானும் அஞ்சியவன்தான். 1999-இல் அரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், பெரும்பாலான மெய்கள் வலக்கைப் பக்கமும் இருக்கின்றன. ககரத்தை இருமுறை அடித்தால் முதல் ககரம் தானே புள்ளி பெற்று 'க்க' ஆகிறது. 'ந்த', 'ம்ப', 'ன்ற' போன்ற இணைகளுக்கும் புள்ளியைத் தனியே அடிக்க வேண்டியதில்லை. எனக்குப் பழைய வேகம் திரும்பி வர ஏறக்குறைய ஆறு வாரம் ஆயிற்று. அதன் பிறகு, முன்பைவிடக் குறைவாகவே விரல்கள் களைக்கின்றன. இன்றைய விண்டோஸில் மொழி அமைப்புகளுக்குச் சென்று தமிழைச் சேர்த்தாலே தமிழ் 99 கிடைக்கிறது. ஆங்கில எழுத்தொலி வழியே அடித்துப் பழகியவர்களுக்கு அஞ்சல் விசைப்பலகையும் அங்கேயே இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகமும் யூனிகோடு எழுத்துருக்களை இலவசமாக வழங்குகிறது.

பக்க வடிவமைப்புக்கான பழைய மென்பொருளான பேஜ்மேக்கரில் யூனிகோடு தமிழ் வராதே என்று அச்சகத்தார் சொல்வது உண்மைதான். அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2001-இல். ஆனால் 2012-இல் வெளிவந்த இன்டிசைன் பதிப்பிலிருந்தே தமிழ் யூனிகோடை முறையாகக் கோக்கும் வசதி உண்டு. பணம் செலவிட இயலாதவர்களுக்கு 2024-இல் வந்த ஸ்கிரைபஸ் 1.6 இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு மென்பொருளுக்காக நம் ஆவணங்கள் அனைத்தையும் பழைய எழுத்துருவில் வைத்திருப்பதற்கு இனிக் காரணம் இல்லை.

தமிழ் யூனிகோடில் அமைந்த பிறகு பிற கருவிகள் எல்லாம் தாமே கைக்கு வருகின்றன. அவற்றுள் நான் மிகவும் மதிப்பது உரையைக் கணினி படித்துக் காட்டும் வசதி. மைக்ரோசாஃப்ட் எட்ஜ் உலாவியில் தமிழ்ப் பக்கத்தையோ, எழுத்தாகவே சேமிக்கப்பட்ட பிடிஎஃப் கோப்பையோ திறந்து, உரக்கப் படிக்கும்படி கட்டளையிட்டால் தமிழ்க் குரலில் படிக்கிறது. இந்தியத் தமிழுக்கான குரல்களுக்குப் பல்லவி, வள்ளுவர் என்று பெயர். இதற்கு இணைய இணைப்பு வேண்டும். மெய்ப்புப் பார்க்கும்போது கண் தாண்டிச் செல்லும் பிழைகள் பல காதுக்கு எட்டிவிடுகின்றன. விடுபட்ட சொல், இருமுறை வந்த சொல் ஆகியவற்றை அச்சுத்தாளைப் பிடித்தபடி கேட்டால் எளிதில் பிடித்துவிடலாம். பார்வையற்றோர் பயன்படுத்தும் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானும் யூனிகோடு தமிழைப் படிக்கும். அதே மனுவைப் பாமினியில் அனுப்பினால் அவர்கள் காதில் விழுவது ஆங்கில எழுத்துகளின் குவியல் மட்டுமே. பொது அறிவிப்புகளைப் பழைய எழுத்துருவில் வெளியிடுவோர் இதை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து, வேர்டிலும் லிப்ரெ ஆபீஸ் ரைட்டரிலும் இருக்கும் 'ஸ்டைல்' வசதி, அதாவது தலைப்பு போன்றவற்றின் தோற்றத்தை ஒரே இடத்தில் வரையறுத்து வைக்கும் வசதி. ஆய்வு மாணவர்கள் முந்நூறு பக்க ஆய்வேட்டைக் கொண்டுவருவார்கள்; அதில் தலைப்புகளை ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நடுவுக்குக் கொண்டுவந்திருப்பார்கள்; புதிய இயலைப் புதிய பக்கத்தில் தொடங்குவதற்காக என்டர் விசையைப் பதினைந்து முறை அழுத்தியிருப்பார்கள்; பொருளடக்கத்தில் புள்ளிகளையும் பக்க எண்களையும் கையாலேயே அடித்திருப்பார்கள். நெறியாளர் இரண்டாம் இயலில் ஒரு பத்தியைச் சேர்க்கச் சொன்னால் அத்தனையும் இடம் மாறிப்போகும், ஓர் இரவு முழுவதும் திருத்த வேண்டியிருக்கும். இயல் தலைப்பு ஒவ்வொன்றையும் தேர்ந்து, வேர்டில் கன்ட்ரோல், ஆல்ட், ஒன்று ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அது முதல்நிலைத் தலைப்பாகிவிடும். ரைட்டரில் கன்ட்ரோலும் ஒன்றும் போதும். தலைப்புகளை இவ்வாறு குறித்துவிட்டால் பொருளடக்கத்தைக் கணினியே உருவாக்கும். பிறகு எத்தனை பக்கம் சேர்த்தாலும், வேர்டில் பொருளடக்கத்தின் மேல் சுட்டியால் சொடுக்கி எஃப் 9 விசையை அழுத்தினால் எண்கள் புதுப்பிக்கப்படும். தலைப்புகளின் அளவு பெரிதாகத் தோன்றினால் ஸ்டைலை ஒருமுறை திருத்தினால் போதும், ஆய்வேடு முழுவதிலும் மாறிவிடும். புதிய பக்கத்துக்குக் கன்ட்ரோலும் என்டரும். அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய இதைக் கல்லூரிகள் ஆய்வைத் தொடங்கும் நாளிலேயே மாணவர்களுக்குக் கற்பித்தால் எத்தனை இரவுகள் மிச்சமாகும்!

சங்கச் செயலாளர்களுக்கு மெயில் மெர்ஜ் ஒன்றே போதும். உறுப்பினர் பெயரும் முகவரியும் எக்செல்லில் ஒழுங்கான நெடுவரிசைகளாக இருந்தால், ஒரே கடிதத்தை நானூறு பேருக்கும் அவரவர் பெயரிட்டு அச்சிட்டுவிடலாம். விண்டோஸ் விசையையும் வி விசையையும் சேர்த்து அழுத்தினால் கடைசியாக நகலெடுத்த 25 உருப்படிகள் வரை பட்டியலாக நிற்கும். முதல் முறை அதை இயக்கி வைக்க வேண்டும், அவ்வளவே. அடிக்கடி தேவைப்படும் முகவரியை அதில் பொருத்தி வைத்துக்கொண்டால் கணினியை அணைத்துத் தொடங்கினாலும் அழியாது. அச்சிட்ட பழைய பக்கங்களை மீண்டும் தட்டச்சு செய்யும் முன், அவற்றைப் படமாகக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் வழியே திறந்து பாருங்கள். அச்சு தெளிவாக இருந்தால் தமிழ் எழுத்துகளை அது பெரும்பாலும் சரியாகவே எடுத்துத் தரும். 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் இடையேயான மயக்கத்தை மட்டும் கவனித்துத் திருத்த வேண்டும்.

கணினி மெதுவாக இருக்கிறது என்போர் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தி, திறக்கும் டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பகுதியில், கணினி தொடங்கும்போதே தாமாக இயங்கத் தொடங்கும் நிரல்களின் பட்டியலைப் பார்க்க வேண்டும். தேவையற்றவற்றை அங்கேயே முடக்கிவிடலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்ததால் பலர் கலங்குகிறார்கள். அத்தகைய பழைய கணினிகளில் இலவச இயங்குதளமான லினக்ஸை நிறுவிப் பயன்படுத்தலாம். யூனிகோடு தமிழும் லிப்ரெ ஆபீஸும் அதிலும் குறைவின்றி இயங்கும். யூனிகோடில் வைத்த கோப்பு எந்த இயங்குதளத்துக்கும் நம்மோடு வரும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உள்ளன. தங்கள் நாளிதழில் வாரத்துக்கு ஒரு கருவி வீதம், எந்த விசையை அழுத்த வேண்டும் என்பது வரை விளக்கும் சிறு பகுதி ஒன்றைத் தொடங்க வேண்டும். கணினி வைத்திருக்கும் பொது நூலகங்களில் தமிழ் 99 விசைப்பலகையை இயக்கி, அதன் படத்தைப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைக்குமாறு நூலகர்களைத் தங்கள் பத்திரிகை வழியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு தாளும் சில நிமிட நேரமும்தான் இதற்கான செலவு.

கும்பகோணத்திலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள கோயில் குழுக்கள், இலக்கிய மன்றங்கள், வாசகர் வட்டங்கள் ஆகியவற்றின் பழைய கோப்புகளை ஞாயிற்றுக்கிழமை காலை நேரங்களில் யூனிகோடுக்குக் கட்டணமின்றி மாற்றித் தர நான் அணியமாக இருக்கிறேன். என் முகவரியைத் தங்கள் அலுவலகத்துக்குத் தனித்தாளில் அனுப்பியுள்ளேன், கேட்போருக்குக் கொடுக்கலாம். வருவோர் பென் டிரைவோடு அச்சிட்ட படி ஒன்றையும், ஒப்பிட்டுப் படிக்க உடன் ஒருவரையும் அழைத்து வர வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கணினித் தட்டச்சர் ஒருவர்,
கும்பகோணம்.