ராண்டல் ஓ'டூல் கார் கம்பெனி ஆளா?

ஆசிரியருக்கு,

அமெரிக்க நகர ரயில்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, நகர ரயில்களுக்கு அரசுப் பணம் கொட்டுவதை எதிர்த்து எழுதும் அமெரிக்க ஆய்வாளர் ராண்டல் ஓ'டூலை 'கார் கம்பெனிகளின் ஊதுகுழல்' என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. அவர் சொல்வதில் பாதியை நானும் ஏற்பதில்லை. ஆனாலும் அந்த வரி உறுத்துகிறது.

நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன். மகளைப் பார்க்க அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்துக்குப் போயிருந்தபோது, அங்குள்ள ரயில் அருங்காட்சியகத்தில் 1938-இல் செய்த 700 எண் நீராவி எஞ்சினைக் கண்டேன். பூங்காவில் வெறும் காட்சிப்பொருளாக நின்ற அதை மறுபடி ஓடவைக்கக் கைகொடுத்தவர்களில் ஓ'டூலும் ஒருவர். எஞ்சினைக் கழற்றி மாட்டியவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு ரயில்மேல் வெறுப்பு வராது. ஓ'டூல் பல ஆண்டுகள் இருந்த கேட்டோ என்ற கொள்கை ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் எண்ணெய்த் தொழிலதிபர் சார்லஸ் கோக்கும் உண்டு, சந்தேகிக்க இடமிருக்கிறது. அதற்காக அவர் கேட்கும் கேள்வி இல்லாமல் போய்விடாது.

ரயிலுக்கான பணம் யார் மடியிலிருந்து போகிறது என்பதே அந்தக் கேள்வி. 1994-இல் லாஸ் ஏஞ்சலஸ் போக்குவரத்து ஆணையம் பஸ் கட்டணத்தை 1.10 டாலரிலிருந்து 1.35 ஆக உயர்த்தி, மாதாந்திர பாஸையும் நிறுத்த முடிவு செய்தது. அதே சமயம் பாசடேனா ரயில் பாதைக்குப் பணம் ஒதுக்கியது. பஸ்ஸில் நெருக்கியடித்துப் போன ஏழைப் பயணிகள் சங்கமாகத் திரண்டு வழக்குப் போட்டார்கள். 1996-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, நெரிசலைக் குறைக்கப் புதிய பஸ்கள் வாங்க வேண்டியதாயிற்று. அந்தச் சங்கத்தினர் இடதுசாரிகள். ஓ'டூலோ அரசுத் தலையீடே கூடாது என்பவர். இரு தரப்பும் ஒரே இடத்தில் கை வைத்ததைக் கட்டுரையாளர் கவனித்திருக்க வேண்டாமா?

ஓ'டூலோடு நான் முரண்படுவது வேறு இடத்தில். போர்ட்லாந்தை ஒட்டிய பீவர்டனில் மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால், அங்கே லைசென்ஸ் இல்லாத எனக்கு 'மேக்ஸ்' என்ற நகர ரயில்தான் கால். பஸ் போதுமே என்பார் அவர். போதும்தான், வந்தால். தானோட்டிக் கார்கள் வரப்போகின்றன, பொதுப் போக்குவரத்தின் முடிவு நெருங்கிவிட்டது என்று 2017-லேயே எழுதினார். எழுபதைத் தாண்டிய நான் எத்தனை நாள் காத்திருப்பது? கார்க்காரர்களும் சொந்தக் காசில் மட்டும் ஓடவில்லை. அமெரிக்க மத்திய அரசின் பெட்ரோல் வரி 1993 முதல் ஒரு கேலனுக்கு 18.4 சென்டிலேயே நிற்கிறது. 2008 முதல், அந்த வரியை நம்பியிருக்கும் நெடுஞ்சாலை நிதியில் விழும் பள்ளத்தைப் பொதுக் கருவூலம்தான் நிரப்புகிறது. அந்த வரிக்குப் பதில் ஓடிய தூரத்துக்குக் கட்டணம் வாங்கலாம் என்று ஓ'டூலே சொல்பவர். ரயில் மானியத்தைச் சாடும் குரலில் பாதிகூட இந்தச் சாலை மானியத்துக்கு எதிராக எழக் காணோம்.

அடுத்த முறை அந்த பஸ் பயணிகளின் வழக்கை விரிவாக எழுதச் சொல்லுங்கள்.

— ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளி,
பொன்மலை, திருச்சி.