ஸ்டேட்டிக் ஐபிக்குப் பணம் கட்டியும் வெளியிலிருந்து திறக்காத அப்ளிகேஷன்: புகார்

அனுப்புநர்: உரிமையாளர், டைல்ஸ் பட்டறை, ஆத்தங்குடி, காரைக்குடி வழி.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, இன்டர்நெட் சேவை நிறுவனம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எந்த டிசைனில் எத்தனை சதுர அடி கல் காய்ந்து தயாராக இருக்கிறது என்று காட்டும் வெப் அப்ளிகேஷன் எங்கள் பட்டறைக் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. சென்னை, பெங்களூரு பில்டர்கள் அங்கிருந்தே பார்த்து ஆர்டர் போடத்தான் உங்களிடம் ஸ்டேட்டிக் ஐபிக்கு, அதாவது மாறாத இன்டர்நெட் முகவரிக்கு, தனியாகப் பணம் கட்டினோம். இன்றுவரை வெளியில் ஒருவருக்கும் அது திறக்கவில்லை.

எங்கள் பக்கம் குறை இல்லை. அப்ளிகேஷன் அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும் திறக்கும் 127.0.0.1-ல் முடங்கிக் கிடக்கவில்லை, இணைப்புகளைப் பட்டியலிடும் நெட்ஸ்டாட்டில் 0.0.0.0:8080 'லிசனிங்', அதாவது எல்லா வழியிலும் காத்திருக்கிறது, என்றே காட்டுகிறது. விண்டோஸ் ஃபயர்வாலில் டிசிபி 8080 போர்ட்டுக்கு உள்ளே வர விடும் இன்பவுண்ட் ரூல் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு 192.168.1.50 மாறாதபடி ரூட்டரில் ஒதுக்கி, வெளியிலிருந்து வருவதை அதற்கு அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங்கும் போட்டாயிற்று. பட்டறை வைஃபையில் இருக்கும் போனில் உடனே திறக்கிறது. மொபைல் டேட்டாவுக்கு மாறினால் சுற்றிக்கொண்டே இருந்து நின்றுவிடுகிறது.

காரணம் உங்கள் பெட்டியிலேயே தெரிகிறது. ரூட்டரின் இன்டர்நெட் ஸ்டேட்டஸ் பக்கத்தில் முகவரி 100.72 என்று தொடங்குகிறது. 'என் ஐபி என்ன' என்று தேடினால் வருவது வேறு முகவரி. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை சிஜிநாட்டுக்கென்று 2012-ல் ஒதுக்கியது. ஒரே பொது முகவரியைப் பல இணைப்புகளுக்குப் பகிரும் ஏற்பாடு அது. வெளியிலிருந்து வருவது உங்கள் கருவியோடு நின்றுவிடும். எங்கள் ரூட்டரில் எத்தனை ரூல் போட்டும் பயனில்லை. உங்கள் நெட்வொர்க் உங்களுக்குத் தெரியாதா?

கஸ்டமர் கேரில் பேசியவர் எங்கள் வைஃபையிலிருந்தே பொது முகவரியை அடித்துப் பார்க்கச் சொன்னார். பல ரூட்டர்களில் உள்ளேயிருந்து போனது அப்படித் திரும்பி வராது, வேறு இணைப்பில்தான் சோதிக்க வேண்டும் என்றதும், "நெட் வருதுல்ல? ஸ்பீடும் வருது. சாஃப்ட்வேர் எழுதுனவன்ட்ட போய்க் கேளுங்க" என்று பேச்சின் நடுவில் போனை வைத்துவிட்டார். புகாரையும் 'தீர்க்கப்பட்டது' என்று மூடியிருக்கிறார். பணம் கட்டியவரிடம் பேசுகிற பேச்சா இது?

அதைவிடக் கொடுமை, ரூட்டரைக் கழற்றிக்கொண்டு காரைக்குடி அலுவலகத்துக்கு வரச் சொன்னது. முகவரி கொடுப்பது உங்கள் சர்வர். பெட்டியில் என்ன பார்க்க இருக்கிறது? கவுன்டரில் பின்பக்கத் துளையில் ஊசியை அழுத்தி ரீசெட் செய்து கையில் கொடுத்தார்கள். நெட் இணைப்புக்கான பிபிபிஓஇ யூசர்நேம், ஃபார்வர்டிங் ரூல், முகவரி ஒதுக்கீடு எல்லாம் அழிந்தன. அன்று பட்டறையில் ஒரு பில் போட முடியவில்லை. ஸ்டாக் பார்க்க முடியாத பில்டர்கள் வேறு இடம் போய்விட்டார்கள். இந்த சீசனே உங்களால் பாழ்.

"டனல் போட்டுக்கோங்க" என்றார் இன்னொருவர். வெளியிலுள்ள ஒரு சர்வர் வழியாகத் திறக்க வைக்கும் டனல் உள்ளிருந்து வெளியே இணைப்பு எடுப்பதால் சிஜிநாட்டைத் தாண்டும், சரிதான். அப்படியானால் ஸ்டேட்டிக் ஐபிக்கு எதற்குப் பணம் வாங்கினீர்கள்?

தயவுசெய்து எங்கள் லாகினைப் பழைய பூலிலிருந்து (பகிர்வு முகவரித் தொகுப்பிலிருந்து) எடுத்து, பணம் கட்டிய முகவரியோடு இணையுங்கள். இணைத்ததும் செஷனைத் துண்டித்து மறுபடி ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் பழைய முகவரியே நிற்கும். ஸ்டேட்டஸ் பக்கத்து முகவரியும் வெளியில் தெரியும் முகவரியும் ஒன்றானால்தான் உங்கள் பங்கு வேலை முடிந்ததாகக் கொள்வோம். 80, 443 போர்ட்டுகளை அடைத்திருந்தால் எழுத்தில் தெரிவியுங்கள். இடையில் யாரும் படிக்க முடியாதபடி அனுப்பும் எச்டிடிபிஎஸ் இல்லாமல் வாடிக்கையாளர் விவரத்தை வெளியே திறந்துவிட மாட்டோம், ஆகவே அதற்கான 443 கட்டாயம் வேண்டும். புதிய முகவரி முறையான ஐபிவி6 வழியாகத் திறக்கலாமென்றால் அந்த ஃபயர்வால் பக்கத்தின் அட்மின் பாஸ்வேர்டும் உங்களிடமே இருக்கிறது.

ஏழு நாட்களுக்குள் நடக்கவில்லையென்றால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிமுறைப்படி உங்கள் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போவோம். அவர் 39 நாளில் முடிவு சொல்லியாக வேண்டும். சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவோம். தொலைத்தொடர்பு வழக்கை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது.

அந்த நிலைக்குப் போக எங்களுக்கு விருப்பமில்லை ஐயா. மூடிய புகாரைத் திறந்து, புதிய எண்ணை அனுப்புங்கள். இதுவரை வாங்கிய ஸ்டேட்டிக் ஐபி கட்டணத்தைத் திருப்புங்கள். ஆள் அனுப்பினால் ரூட்டரை ரீசெட் செய்யக் கூடாதென்று சொல்லி அனுப்புங்கள். ஸ்டேட்டஸ் பக்கத்தின் படமும் கட்டண ரசீதும் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
உரிமையாளர்