முடிந்த பள்ளிப் பணிக்கான நிலுவையை வழங்க அவசரச் சட்டம் கோரும் மனு

அனுப்புநர்:
மின்பணித் துணை ஒப்பந்ததாரர்,
வாஷிங்டன் டி.சி.

பெறுநர்:
மாண்புமிகு தலைவர் அவர்கள்,
கொலம்பியா மாவட்ட நகர மன்றம்,
ஜான் ஏ. வில்சன் கட்டடம், வாஷிங்டன் டி.சி.

பொருள்: பள்ளிச் சீரமைப்பு ஒப்பந்தத்தின் மாற்றாணைகளுக்கு (வேலையின் நடுவே ஒப்பந்தத்தை மாற்றும் உத்தரவுகளுக்கு) ஒப்புதலும் நிலுவைத் தொகையும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நான், எட்டுத் தொழிலாளர்களுடன் இந்நகரில் மின்பணி செய்துவருகிறேன். இம்மனுவின் ஆங்கில வடிவத்தையும் இணைத்துள்ளேன்.

சென்ற கோடையில் பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றின் சீரமைப்பில் ஈடுபட்டிருந்தோம். சுவர்களைப் பிரித்தபோது, வரைபடத்தில் இல்லாத, துணியுறை சுற்றிய பழைய கம்பிகள் எல்லாத் தளங்களிலும் ஓடுவதைக் கண்டோம். பிள்ளைகள் அமரும் வகுப்பறைகளில் அவற்றை அப்படியே வைத்துப் பூசி மூட எங்களுக்கு மனம் வரவில்லை. பணியிட அதிகாரி எழுத்து மூலம் உத்தரவிட்டதன் பேரில் அனைத்தையும் மாற்றிக் கொடுத்தோம். பள்ளியும் உரிய நாளில் திறக்கப்பட்டது. அந்த வேலைக்கான பணம் மட்டும் இன்றுவரை வரவில்லை.

இந்நகருக்கான 1973ஆம் ஆண்டின் தன்னாட்சிச் சட்டத்தின் 451ஆவது பிரிவின்படி, 12 மாதங்களில் 10 லட்சம் டாலருக்கு மேற்படும் ஒப்பந்தங்கள் மன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். மாற்றாணைகளின் கூட்டுத்தொகை இந்த வரம்பைக் கடந்து, வேலையும் முடிந்த பிறகே சம்பந்தப்பட்ட அலுவலகம் கோப்பைத் தங்கள் மன்றத்துக்கு அனுப்பியுள்ளது. செய்து முடித்த வேலைக்கு ஒப்புதல் கேட்பது, விலையை முன்கூட்டியே ஆராயும் உரிமையை உறுப்பினர்களிடமிருந்து பறிப்பதாகும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் கோப்பு தாமதித்ததற்கான சுமை, வாரந்தோறும் கூலி கொடுத்தாக வேண்டிய எங்களைப் போன்றோர் மீது விழுவது நியாயமாகாது.

வழக்கமான மசோதா இரண்டு வாசிப்புகளையும் அதன்பின் அமெரிக்க காங்கிரஸின் பரிசீலனைக் காலத்தையும் கடக்க வேண்டும். அவசரச் சட்டத்துக்கோ, 13 உறுப்பினர்களில் 9 பேர் அவசரச் சூழல் உள்ளதென ஏற்றால் ஒரே வாசிப்பு போதும். அது 90 நாள்களே செல்லுபடியாகும் என்றாலும், நிலுவையைத் தீர்க்க அக்காலம் போதுமானது. எனவே ஜூலை 15 அன்று மன்றத்தின் விடுமுறை தொடங்குமுன் இதை நிறைவேற்றித் தருமாறு வேண்டுகிறேன்; தவறினால் செப்டம்பர் நடுப்பகுதிவரை நாங்கள் காத்திருக்க நேரிடும்.

பணம் பிரதான ஒப்பந்ததாரரோடு நின்றுவிடக் கூடாது என்பதும் என் கவலை. தொகை கைக்கு வந்த 7 நாள்களுக்குள் துணை ஒப்பந்ததாரரின் பங்கை அவர் வழங்க வேண்டும், அல்லது நிறுத்திவைப்பதற்கான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என 1984ஆம் ஆண்டின் விரைவுக் கொடுப்பனவுச் சட்டம் கூறுகிறது. அவ்வாறு வழங்கியதற்கான சான்றை அவர் மன்றத்துக்குத் தாக்கல் செய்யும்படி இந்த அவசரச் சட்டத்திலேயே நிபந்தனை சேர்க்க வேண்டும். இனிவரும் ஒப்பந்தங்களில், தொகை வரம்பை நெருங்கும்போதே மாற்றாணைகளை மன்றத்துக்கு அனுப்புமாறு துறைகளுக்கு அறிவுறுத்தவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பணியிட உத்தரவின் நகலும் நிலுவைப் பட்டியல்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)