உன் கணக்கில் 180 நாள்

கண்ணு,

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி படித்துவிட்டுக் கட்டைவிரல் போட்டுவிடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன். சின்னவன் தூங்கினதும் படி. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கத்தான் செய்கிறது. வெயில் வழக்கம்போல, அதைச் சொல்லி என்ன.

மாப்பிள்ளையின் திருத்தின பிபிஓவை, அதாவது பென்ஷன் உத்தரவை, நீ போட்டோ எடுத்து அனுப்பினாய் அல்லவா, அதை பிரிண்ட் போட்டு மூன்று தடவை படித்தேன். இருபத்து நான்கு வருஷம் ஹவில்தார் கிளார்க்காக இருந்தவனுக்கு அடுத்தவர் தட்டச்சில் தப்பு தேடாமல் தூக்கம் வராது. தப்பு இல்லை. ஊனம் 100 சதவீதம், 'ராணுவ சேவையால் ஏற்பட்டது' என்கிற வரி தெளிவாக இருக்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் வண்டி பள்ளத்தில் உருண்ட அன்றைய கோர்ட் ஆஃப் என்கொயரி (ராணுவ விசாரணை) நகல் வேண்டும் என்று உன்னை அப்படி விரட்டினேன். அது இல்லாமல் போயிருந்தால் அப்பீல், செகண்ட் அப்பீல், பிறகு சென்னையில் இருக்கிற ஆயுதப்படைத் தீர்ப்பாயம் என்று உன் வயசு போயிருக்கும். பென்ஷன் விஷயம் இதோடு முடிந்தது. இனி நவம்பரில் ஸ்பர்ஷ் பென்ஷன் வெப்சைட்டில் உயிர்ச்சான்று போடுவதை மட்டும் மறக்காதே.

ஆனால் கீழே இன்னொரு வரி இருக்கிறது. கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ். நிலையான உதவியாளர் படி. கூடவே ஒரு ஆள் இருந்தே ஆகவேண்டும் என்று மெடிக்கல் போர்டு எழுதினால் கிடைக்கிற பணம். ஏழாவது ஊதியக் குழுவில் மாதம் 4,500 என்றிருந்ததை 6,750 ஆக்கினார்கள். என் சர்வீஸில் இந்த வரியை எத்தனை பேர் காகிதத்தில் டைப் அடித்திருப்பேன்! அந்த அட்டெண்டன்ட் யார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இப்போதுதான் புரிந்தது, அது நீ.

போன தீபாவளிக்கு அங்கே வந்து நாலு நாள் இருந்தேனே, அப்போது ராத்திரி நான் தூங்கவில்லை. தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன். பன்னிரண்டு மணிக்கு உன் தலையணைக்கு அடியில் போன் அதிர்ந்தது. சின்னவன் விழித்துக்கொள்ளக் கூடாது என்று சத்தத்தை அணைத்து வைத்திருக்கிறாய். எழுந்தாய். மாப்பிள்ளையின் இடுப்புக்குக் கீழே கையைக் கொடுத்து இந்தப் பக்கம் திருப்பினாய், முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, கணுக்காலுக்கு அடியில் மடித்த துண்டு. டார்ச் அடித்து முதுகுத்தண்டின் அடிப்பக்கம் சிவந்திருக்கிறதா என்று பார்த்தாய். படுத்தாய். இரண்டு மணிக்கு மறுபடி. நாலு மணிக்கு மறுபடி. ஆறு மணிக்குப் பால்காரன்.

கார்டு ரூமில் சென்ட்ரி நிற்கிறவனுக்கு இரண்டு மணி நேரம்தான் டியூட்டி. இரண்டு மணி ஆனதும் அடுத்தவன் வந்து நிற்பான், இவன் போய் பூட்ஸோடு சாய்ந்துகொள்வான். ரிலீஃப் வராவிட்டால் கார்டு கமாண்டர் தொலைந்தான். உனக்கும் இரண்டு மணிக்கு ஒரு தரம்தான், ஆனால் இரண்டு வருஷமாக உனக்கு ரிலீஃப் இல்லை. வரவே இல்லை.

கணக்கு போட்டேன். சிப்பாய்க்கு வருஷத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவ், 30 நாள் கேஷுவல். மொத்தம் 90. மாப்பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பி இரண்டு வருஷம். உன் கணக்கில் 180 நாள் பாக்கி நிற்கிறது. நான் லீவ் சர்ட்டிபிகேட் எழுதின ஆயிரக்கணக்கான பேரில் எவனும் இப்படி விட்டுவைத்ததில்லை. தங்கச்சி கல்யாணம், பாட்டி சாவு, அதே பாட்டி மறுபடி சாவு என்று வாங்கிக்கொண்டு போய்விடுவான்கள்.

ஒரு விஷயம் சொல்லவேண்டும், அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. நான் வேலை பார்த்த ஓர் ஆபீஸில் ஒரு நாள் மத்தியானம் ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை. புருஷனுக்கு முதுகில் அடி, பேப்பர் எங்கோ சிக்கியிருக்கிறது. நான் டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டேன். "நாளைக்கு வாம்மா" என்றேன். இந்தியில்தான் சொன்னேன், 'கல் ஆனா'. அவள் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தாள், ராத்திரி அந்த ஆளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் வந்தாளா என்பதும் ஞாபகமில்லை. சென்ற வருஷம் நீ ஒரு சான்றிதழுக்குப் போனபோது அவரை நேரில் அழைத்து வா என்றார்களாம், அந்த ஆபீஸ் முதல் மாடியில், லிஃப்ட் இல்லை என்று போனில் அழுதாயே, அப்போது எனக்கு அந்த டிபன் பாக்ஸ்தான் ஞாபகம் வந்தது. கோபப்படக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

சரி, அது இருக்கட்டும். உனக்குத் தெரியாமல் இங்கே இரண்டு வேலை நடந்திருக்கிறது.

முதலாவது, திண்ணையை இடித்துவிட்டேன். என் அப்பா கட்டினது, நீ உட்கார்ந்து வாய்ப்பாடு படித்தது. அம்மா இரண்டு நாள் பேசவில்லை. வாசல் தரையிலிருந்து இரண்டு அடி உயரம் அல்லவா, மேஸ்திரி ஆறடி நீளத்தில் ஒரு சரிவைப் போட்டு முடித்துவிட்டார். பைக் ஏற்றுகிற சரிவு. "ஜம்முனு ஏறும் சார்" என்றார். பக்கத்து வீட்டுப் பையனை ஒரு பழைய சக்கர நாற்காலியில் உட்காரவைத்து அவனாகவே ஏறச் சொன்னேன். பாதியில் முன்சக்கரம் தூக்கிக்கொண்டது, நான் பிடித்திராவிட்டால் மண்டை போயிருக்கும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டுமாம், அதுதான் கணக்கு. இரண்டு அடிக்கு இருபத்து நாலு. நம் வாசலில் பதினெட்டு அடிதான் இடம். அதனால் பாதியில் திருப்பி, நாற்காலி வட்டமடிக்க ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விட்டு, அப்புறம் மீதி. உடைத்துத் திரும்பப் போட்டதில் சிமெண்ட் காசு தண்டம். பரவாயில்லை. பாத்ரூம் கதவையும் மூன்றடிக்கு அகலப்படுத்தியாயிற்று. மேஸ்திரி இப்போது ஊரெல்லாம் 'ஒண்ணுக்குப் பன்னெண்டு' என்று பாடம் எடுக்கிறார்.

இரண்டாவது, பாகாயம். வேலூரில் மேரி வர்கீஸ் அம்மா பெயரில் இருக்கிற மறுவாழ்வு மையம் உனக்குத் தெரியும், பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பாய். அந்த டாக்டரம்மாவுக்கு 1954இல் வண்டி விபத்தில் முதுகுத்தண்டு போய்விட்டது. அப்புறமும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966இல் அந்த மையம் வந்தது. அங்கே போய், "என் மருமகன் புனேவில் இருக்கிறார், நான் கற்றுக்கொண்டு போய் அவரைப் பார்த்துக்கொள்ளவேண்டும்" என்று சொன்னேன். நோயாளி இல்லாமல் உதவியாளர் மட்டும் வந்து நிற்பதைப் பார்த்து முதலில் சிரித்தார்கள். ஆனால் கற்றுக்கொடுத்தார்கள். வாரத்துக்கு இரண்டு நாள், இரண்டு மாசம். திருப்புவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்குப் பலகை போட்டு நகர்த்துவது, கண்ணாடி பிடித்துத் தோலைப் பார்ப்பது, சிறுநீர்க் குழாய் சுத்தம், எல்லாம். முதுகை வளைத்துத் தூக்கினால் என் இடுப்பு போய்விடும், முழங்காலை மடக்கித் தூக்கவேண்டும் என்று அந்தப் பெண் திட்டின திட்டு இருக்கிறதே, ரெக்ரூட் ட்ரெயினிங்கில்கூட நான் அப்படித் திட்டு வாங்கினதில்லை. வீட்டில் அம்மாவைப் படுக்கவைத்துப் பழகினேன். "உயிரோட இருக்கேன்யா, மெதுவா" என்பாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மே 6ஆம் தேதி நான் அங்கே வருகிறேன். ஜெயந்தி ஜனதா ரயிலில் காட்பாடியிலிருந்து டிக்கெட் போட்டாயிற்று. மூன்று நாள் நீயும் நானும் சேர்ந்து டியூட்டி. ஹேண்டிங் ஓவர், டேக்கிங் ஓவர் முறைப்படி நடக்கவேண்டும், மாத்திரை டப்பாவிலிருந்து மெத்தைக்குக் காற்று அடிக்கிற பம்பு வரை நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்து. 10ஆம் தேதி நீயும் சின்னவனும் கிளம்புங்கள். 29 வரை உனக்கு லீவ். இருபது நாள்தான், பாக்கி 160 கணக்கில் இருக்கும். வைகாசி ஒண்ணாம் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. கூட்டத்தில் சின்னவனைத் தோளில் தூக்கிக்காட்ட உன் தம்பி இருக்கிறான். உன்கூடப் படித்த பெண்கள் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். நீ வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவையும் பார்த்துவிட்டு வா, கணக்கு டீச்சர் கிடைக்கவில்லை என்று புலம்புகிறார். ஒன்றும் முடிவு செய்யவேண்டாம், பார்த்துவிட்டு மட்டும் வா. இல்லையென்றால் இருபது நாளும் தூங்கு. யாரும் எழுப்பமாட்டார்கள் என்று அம்மாவிடம் எழுதி வாங்கிவிட்டேன்.

'ஐயோ, நான் விட்டுவிட்டுப் போகிறேன் என்று ஊர் சொல்லும்' என்று ஆரம்பிக்காதே. முதுகுத்தண்டில் அடிபட்ட ராணுவத்தினருக்காகப் புனேவிலேயே இருக்கிற கிர்க்கி பாராப்ளெஜிக் சென்டரைப் பற்றி யாரோ பேச்செடுத்தபோதும் நீ அப்படித்தான் எடுத்துக்கொண்டாய். தள்ளிவிடச் சொல்கிறார்கள் என்று. அது 1974இலிருந்து இருக்கிறது. நீ அஞ்சாம் வகுப்பில் டிசம்பர் 7ஆம் தேதி கொடிநாளுக்கு உண்டியல் குலுக்கிக்கொண்டு போனாயே, அந்த நிதியிலிருந்தும் அங்கே பணம் போகிறது. இந்தப் பணம் யாருக்குப்பா என்று அன்றைக்குக் கேட்டாய், எனக்கே சரியாகத் தெரியாததால் அதட்டினேன். அங்கே போய்த் தங்குவது மாப்பிள்ளையும் நீயும் எடுக்கவேண்டிய முடிவு, நான் அதில் வரமாட்டேன். ஆனால் சாயந்திரத்தில் போய் அவர்களோடு உட்கார்ந்துவிட்டு வருகிறாரே, அதை நிறுத்தவிடாதே. சாலை ஓரத்துக் கல்லில் நாற்காலியை எப்படித் துள்ளவைத்து ஏற்றுவது என்பதை டாக்டரால் சொல்ல முடியாது. நாற்காலியிலேயே இருபது வருஷம் இருந்தவன்தான் சொல்லமுடியும்.

இன்னொன்று. ஊரில் எல்லோரும் எனக்கு முரளிகாந்த் பேட்கர் வீடியோ அனுப்புகிறார்கள். 1965 போரில் குண்டடி பட்டவர், 1972இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வாங்கினவர், பத்மஸ்ரீ. கையெடுத்துக் கும்பிடவேண்டிய மனிதர்தான். ஆனால் 'உங்க மாப்பிள்ளையையும் சேர்த்துவிடுங்க' என்று கூடவே ஒரு வரி வருகிறது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் குண்டு எறிதலில் வெண்கலம் வாங்கின ஹோகாடோ சேமாவை எடுத்துக்கொள். கண்ணிவெடியில் கால் போனது 2002இல். குண்டைக் கையில் எடுத்தது 2016இல். நடுவில் பதினாலு வருஷம். எனக்கு வந்த வீடியோவில் அந்தப் பதினாலு வருஷம் இரண்டு நொடியில் ஓடிவிடுகிறது. அந்த வருஷங்களில் சோறு போட்டது யார், காலைச் சுத்தம் செய்தது யார், அவர் எரிந்து விழுந்தபோது எதிரில் நின்றது யார்? மாப்பிள்ளை பந்து போட்டாலும் சரி, கேரம் ஆடினாலும் சரி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி. அவருக்கு அவசரம் ஒன்றுமில்லை.

மாப்பிள்ளையிடம் நானே பேசிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை நீ கடைக்குப் போயிருந்தபோது. அதனால்தான் நீ வந்ததும் போனை வைத்தார். மாமனார் கையால் குளிப்பாட்டிக்கொள்வது எந்த ஆம்பிளைக்கும் கஷ்டம்தான், எனக்குத் தெரியாதா? நானும் வெட்கப்படத்தான் போகிறேன் மாப்பிள்ளை, இரண்டு பேரும் சேர்ந்து வெட்கப்படுவோம் என்றேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம், "மாமா, உங்களுக்கு ரம்மி ஆடத் தெரியுமா?" என்றார்.

தெரியும் என்று சொன்னேன். காசு வைத்தா, வைக்காமலா என்று கேட்டார். கேண்டீன் பிஸ்கட் வைத்து என்றேன்.

சீட்டுக்கட்டு இரண்டு வாங்கிப் பெட்டியில் வைத்தாயிற்று. அம்மா எள்ளுருண்டை பிடிக்கிறாள், சின்னவனுக்குத் தனி டப்பா. காட்பாடியில் வண்டி ஏறினதும் போன் பண்ணுகிறேன். ஸ்டேஷனுக்கு வராதே, ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன்.

அப்பா